மயங்கி விழ ஓர் ஆள்

அந்த ஆரஞ்சு மேல்சட்டையை முதலில் போட்டுப் பார்த்தவள் நான்தான். கப்பலில் வந்த பெட்டி எங்கள் ஆய்வகத்து மூலையில் கிடந்தது. எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்துத் திறந்தேன். புடவைக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி அலமாரியில் பார்த்தால், எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. முதுகில் வெள்ளை எழுத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகு கழற்றி, மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன். அது எனக்கு வந்த சட்டை இல்லை.

யாருக்கு வந்ததோ அவள் என்னைவிட இளையவள். என் ஆய்வகத்திலேயே காண்ட்ராக்டில் வேலை பார்த்தவள். அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்து நியாயமும் தெரிய வேண்டும் அல்லவா?

நான் தூத்துக்குடிக்காரி. வேதியியலில் முதுகலை படித்தவள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவரோடு போர்ட் பிளேருக்கு வந்து இறங்கியபோது சுனாமி முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கராச்சர்மாவில் வீடு பிடித்தோம். பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அரசு முத்திரை குத்திய நிரந்தர வேலை. மையம் கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. முன்பக்கம் புல்வெளி, சாலை, அதைத் தாண்டினால் கடல். எங்கள் ஆய்வகம் மாடியில். மாடியின் பின்கதவைத் திறந்தால் நேரே குன்றுக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதை. அமிலங்களும் ஃபார்மலினும் என் பொறுப்பு. எந்த பாட்டிலில் என்ன இருக்கிறது, எதன் பக்கத்தில் எதை வைக்கக்கூடாது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆகவே, ஒவ்வொரு மையத்திலும் பணியாளர் பாதுகாப்புக்கென்று ஒருவரை நியமிக்க வேண்டும் என்று மெயின்லேண்டில் இருக்கும் தலைமை வளாகத்திலிருந்து உத்தரவு வந்தபோது, அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒருவரைச் சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுப்பார்கள். அவர் திரும்பி வந்து மற்ற ஊழியர்கள் எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும். கடைசியில் மெயின்லேண்டிலிருந்து பார்வையாளர்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் ஒரு மாக் டிரில் நடத்திக் காட்ட வேண்டும். அது சரியாக நடந்தால் அவரே பாதுகாப்பு அலுவலர். நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைக்கச் சொன்னேன். அப்படியே ஊருக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகிறேன் என்று அம்மாவுக்கு போனில் சொல்லியும் விட்டேன்.

டைரக்டர் அவளை அனுப்பினார்.

காரணம் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா? டிரைவர்கள், படகு ஓட்டுபவர்கள், தோட்டக்காரர்கள், கேண்டீன்காரர்கள் எல்லோருக்கும் புரிகிற மாதிரி இந்தியில் பேச வேண்டும், அதனால்தான் என்றார். இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் இந்தியைக் கேட்டால் ஆட்டோக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். அவளுக்கோ இந்தி தண்ணீர் பட்ட பாடு. பெங்காலி டைப்பிஸ்டிடம் வங்காளத்தில் கொஞ்சுவாள், படகுக்காரரிடம் தெலுங்கில் சண்டை போடுவாள். டைரக்டர் இன்னொன்றும் சொன்னார். நான் நிரந்தர ஊழியை, எனக்கு இதனால் பெயர்ப்பலகைதான் மாறும். அவள் காண்ட்ராக்ட். அந்தப் பதவி கிடைத்தால் அவள் பெர்மனென்ட் ஆகிவிடுவாள். ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது, இது கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீங்கள் பெரிய மனசு பண்ணுங்கள் என்றார். எனக்கு அப்படியொரு மனசு இருப்பதாக அவர் எதை வைத்து முடிவு செய்தாரோ தெரியவில்லை.

அவளுடைய கதை மையத்தில் எல்லோருக்கும் தெரியும். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து அவளுடைய தாத்தா தலைமுறையைக் கூட்டி வந்து, இங்கிருந்து தெற்கே கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றினார்கள். அவள் பிறந்தது அங்கே. சுனாமி வந்த காலையில் அவள் சின்னப் பெண். அம்மா காய்ச்சலில் பாயில் படுத்திருந்தாளாம். தண்ணீர் வருகிறது என்று சத்தம் கேட்டதும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து இவளும் மேட்டுக்கு ஓடிவிட்டாளாம். அம்மா வரவில்லை. பிறகு அப்பாவும் மகளும் இந்தப் பக்கம் வந்து சௌல்தாரியில் கொஞ்சம் நிலம் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இதையெல்லாம் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. கேண்டீனில் கேட்டதுதான்.

அந்தக் கதையிலும் எனக்கு எரிச்சல் இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அல்லது காறித் துப்புவீர்கள். அவள் லேட்டாக வந்தால் யாரும் கேட்பதில்லை. அவள் முகம் வாடினால் கேண்டீன்காரர் கேட்காமலே டீ கொண்டுவந்து வைக்கிறார். என் அம்மா ஊரில் சர்க்கரையும் பிரஷருமாக நன்றாக இருக்கிறாள், நாளுக்கு ஒரு தடவை போனில் என்னைத் திட்டவும் செய்கிறாள். அதற்கு எனக்கு யார் டீ கொண்டுவந்து வைப்பார்கள்? ஒருத்தி பிள்ளை பெற்றாள் என்று இன்னொருத்தி குழவிக்கல்லால் வயிற்றில் இடித்துக்கொண்டாளாம். நான் அந்த இன்னொருத்தி.

சென்னையிலிருந்து அவள் வந்தாள். எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி வந்திருந்தாள். அதை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள், நான் தொடவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு. கூட்ட அறையில் எல்லோரையும் உட்கார்த்தி வைத்து நடத்தினாள். நான் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வகுப்பில் படகுக்காரர்கள் தூங்கிவிடுவார்கள், அவள் விழிக்கப் போகிறாள் என்று நிச்சயமாக நம்பினேன். அவள் தரையில் ஒரு அரிசி மூட்டையை வைத்து, கணக்குப்பிரிவு கிளார்க்கைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னாள். அவர் இடுப்பை வளைத்துத் தூக்கி, அப்படியே நின்றுவிட்டார். முட்டியை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை உடம்போடு அணைத்து எழுந்திருக்க வேண்டும் என்று அவள் செய்து காட்டினாள். பெண்டாட்டியை எப்படித் தூக்குவீர்களோ அப்படி என்று இந்தியில் என்னவோ சேர்த்துச் சொன்னாள், அறையே சிரித்தது. எனக்கு அந்தச் சிலேடை புரியவில்லை. பக்கத்திலிருந்தவரைக் கேட்கவும் ரோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர். முற்றத்தில் ஒரு தகரத்தட்டில் டீசலைக் கொளுத்திவிட்டு ஒவ்வொருவரையும் அணைக்க வைத்தாள். பின்னை இழு, அடியைக் குறிபார், அமுக்கு, வீசு. தோட்டக்கார அம்மாள் அணைத்துவிட்டுச் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டிக்கொண்டாள். என் முறை வந்தபோது காற்று மாறி, வெள்ளைப் பொடியெல்லாம் என் மேலேயே அடித்தது. அவள் ஓடிவந்து தன் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள். எல்லோரும் பார்க்கத் துடைத்தாள் என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அதற்கடுத்த வாரம் ஃபார்மலின் கொட்டினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தாள். என் ஃபார்மலின்! என் ஆய்வகம்! ஒரு தப்பு சொல்வாள், எழுந்து திருத்தலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு தப்பும் சொல்லவில்லை. நடுவில், "இதெல்லாம் நான் அக்காகிட்ட படிச்சது," என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்து வைத்தேன். புகழ்ந்துகூடப் பறிக்கத் தெரிகிறதே இவளுக்கு என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

பிறகு மாக் டிரிலுக்கு ஆள் பிரித்தாள். மாடி ஆய்வகத்தில் ஃபார்மலின் கொட்டித் தீப்பிடித்துவிட்டதாகக் கற்பனை. மணி அடிக்கும். எல்லோரும் முன்படி வழியாக இறங்கிப் புல்வெளிக்கு வர வேண்டும். அதுதான் கூடுமிடம், பச்சைப் பலகை நட்டிருந்தார்கள். மாடிக்கு ஒரு பொறுப்பாளர், கீழ்த்தளத்துக்கு ஒருவர், ஆள் எண்ண ஒருவர், முதலுதவிக்கு இருவர். ஒவ்வொரு பெயராக அவள் வாசிக்க வாசிக்க, மாடிப் பொறுப்பாளர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். டைப்பிஸ்டைச் சொன்னாள். எல்லாப் பெயரும் முடிந்தது. கடைசியில்தான் என்னைச் சொன்னாள். ஆய்வகத்துத் தரையில் மயங்கிக் கிடக்க வேண்டும். மீட்புக் குழு வந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்.

மயங்கி விழ நானா! அன்று சாயங்காலம் அவளைத் தனியாகப் பிடித்தேன். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதான்க்கா அசையாம படுத்துக் கெடப்பீங்க. மத்தவங்க யாரும் கெடக்க மாட்டாங்க."

என் உடம்பைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வீட்டில் போய்ச் சொன்னதற்கு, என் கணவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று சிரித்து வைத்தார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஒத்திகை நடந்தது. புது ஸ்ட்ரெச்சர் இன்னும் வரவில்லை. கரையில் ஒதுங்கிச் செத்துப்போன டால்பினை அறுத்துப் பார்க்க எடுத்து வருவோம், அதற்கென்று ஒரு நீளப் பலகை உண்டு. டால்பினை எங்கள் ஊரில் ஓங்கல் என்போம். அந்த ஓங்கல் பலகையைக் கழுவி அதில் என்னை ஏற்றிக்கட்டி, கீழே கொண்டுபோனார்கள். படகுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, போன மாதம் வந்தது இதைவிட லேசு என்றார். எனக்குப் புரியாது என்று இந்தியில் சொன்னார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புல்வெளியில் எல்லோரும் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள், ஆள் எண்ணினார்கள், அவளுக்குக் கை தட்டினார்கள். பலகையில் கட்டிக் கிடந்தபடி நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை அவிழ்க்கவே கொஞ்சம் மறந்துபோய்விட்டார்கள்.

அப்புறம்தான் அந்தப் பெட்டி வந்தது. ஆரஞ்சு சட்டை, ஹெல்மெட்டுகள், நல்ல ஸ்ட்ரெச்சர். கூடவே கூரையில் பொருத்துகிற பெரிய சைரன் ஒன்று. டைரக்டருக்கு வாயெல்லாம் பல். இந்த மணிச் சத்தம் படகுக் கொட்டகைவரை கேட்பதில்லை, இனிமேல் சைரன்தான் என்றார். அவள் மட்டும் தயங்கினாள். மணியே போதும், ஜனங்கள் மணிக்குப் பழகிவிட்டார்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கப்பலேறி வந்த சாமானைப் பெட்டிக்குள்ளேயே வைத்தால் பார்வையாளர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் கேட்டார். அவள் தலையாட்டிவிட்டாள். அவளுக்கு வேலை வேண்டுமே. எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிற சாமர்த்தியம் என்று பட்டது. அன்றைக்குத்தான் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தேன்.

டிரிலுக்கு முதல் நாள் காலையில் பூமி லேசாக ஆடியது. இங்கே அது அவ்வப்போது நடப்பதுதான். அலமாரியில் பாட்டில்கள் கலகலத்து அடங்கின. நான் எதுவும் சாய்ந்ததா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கேண்டீனில் மட்டும் அன்று பேச்சுக் குறைவாக இருந்தது. டைப்பிஸ்ட் அடிக்கடி ஜன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பார்வையாளர்கள் இருவரும் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக வந்தார்கள். புல்வெளியில், பச்சைப் பலகைக்குப் பக்கத்தில் அவர்களுக்குக் குடை விரித்து நாற்காலி போட்டிருந்தது. டைரக்டர் இளநீர் கொடுத்து உபசரித்தார். நான் மாடியில் ஆய்வகத் தரையில் பழைய போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டேன். புடவை விலகாமல் காலருகே ஊக்குக் குத்தியிருந்தேன். அவள் வந்து எட்டிப் பார்த்தாள். அந்தச் சட்டையைப் போட்டிருந்தாள். அவளுக்கு அது தொளதொளவென்று இருந்தது. தலைக்கு ஒரு துணியை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

படுத்துக்கொண்டு நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். இது சொதப்ப வேண்டும். யாருக்கும் ஆபத்தில்லாமல், ஆனால் நன்றாகச் சொதப்ப வேண்டும். அப்போதுதான் படித்தவள், சீனியர், நிரந்தர ஊழியை ஒருத்தி இருக்கிறாளே என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

சைரன் ஊதியது.

ஒத்திகையில் மணி அடித்தபோது நாற்காலிகள் நகரும், சிரிப்புக் கேட்கும், யாராவது செருப்பைத் தேடுவார்கள். இந்தத் தடவை ஒரு பேச்சும் கேட்கவில்லை. கால்கள் மட்டும் ஓடின. முன்படியில் இறங்குகிற சத்தமில்லை, ஏறி வருகிற சத்தம். கீழ்த்தளத்து ஆட்கள் மாடிக்கு ஏறி, என் ஆய்வகத்து வாசலைக் கடந்து ஓடினார்கள். பின்கதவு சுவரில் மோதுகிற சத்தம் மறுபடி மறுபடி கேட்டது. மீட்புக் குழு ஆட்களையும் படுத்தபடியே கதவு வழியாகப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரை வராந்தாவில் போட்டுவிட்டு அவர்களும் அந்தப் பக்கமே ஓடினார்கள். டைப்பிஸ்ட், படகுக்காரர், தோட்டக்கார அம்மாள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் பல வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இங்கே பள்ளிக்கூடத்திலும் கிராமத்திலும் வருடாவருடம் சுனாமிக்கென்று சைரன் ஊதி, உயரமான இடத்துக்கு ஓடு என்று ஜனங்களைப் பழக்கி வைத்திருப்பது எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்து வைத்திருப்பது வேறு, கால் ஓடுவது வேறு. என் கால் தூத்துக்குடியில் வளர்ந்தது. மணிக்குப் புல்வெளி, சைரனுக்குக் குன்று. இதை டைரக்டரும் யோசிக்கவில்லை, பெட்டியை அனுப்பியவர்களும் யோசிக்கவில்லை.

விஷயம் புரிந்ததும் எனக்கு வந்தது சிரிப்பு. கேட்ட வரம் கிடைத்துவிட்டது. கீழே பார்வையாளர்கள் இளநீரோடு தனியாக உட்கார்ந்திருப்பார்கள். கைவிடப்பட்ட நோயாளி நான்தான். என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்பார்கள். என்ன சொல்வது என்று படுத்தபடியே ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்தேன். யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை என்று ஆரம்பித்துவிட்டு நன்றாகக் குறை சொல்வது. எழுந்து போய்விடலாம்தான். ஆனால் கடைசிவரை கிடந்தால்தான் சாட்சி பலமாக இருக்கும் என்று அசையாமல் கிடந்தேன்.

சைரன் நிற்கவே இல்லை. நிறுத்த வேண்டியவரும் ஓடிவிட்டார் போலிருக்கிறது. அது ஊதிக்கொண்டே இருக்க, கட்டடம் காலியாக இருக்க, கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. படுத்திருந்த இடத்திலிருந்து ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரிந்தது, கடல் தெரியவில்லை. ஒருவேளை எனக்குத் தெரியாத எதையாவது அவர்கள் பார்த்திருந்தால்? நேற்று ஆடியதே? எழுந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். ஊக்குக் குத்திய புடவையோடு சட்டென்று எழவும் வரவில்லை.

அப்போது குன்றுப் பக்கமிருந்து ஒரே ஒரு ஆள் இறங்கி ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவள்தான். ஆரஞ்சு சட்டையைக் காணோம், முடி அவிழ்ந்திருந்தது, ஒரு காலில்தான் செருப்பு. எல்லோரையும்போல அவளும்தான் ஓடியிருக்கிறாள். சைரனை ஊத விட்டவளே ஓடியிருக்கிறாள். பாதி தூரம் ஏறிவிட்டுத் திரும்பியிருக்கிறாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. வந்த வேகத்தில் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழும்புங்கக்கா."

"ஏட்டி, நான் மயங்கிக் கெடக்கேன்லா," என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் சொன்னேன். "இது டிரில்தானே?"

"தெரியும். எழும்புங்க. சுருக்கா."

அவள் கை சில்லென்று இருந்தது. ஆனால் பிடி இரும்பு. வகுப்பில் முட்டியை மடக்கி மூட்டை தூக்கச் சொல்லிக்கொடுத்தவள், அதெல்லாம் மறந்து இடுப்பை வளைத்து என்னை இழுத்தாள். குத்தியிருந்த ஊக்கு தெறித்துப் புடவை கிழிந்தது. இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் பாதையில் ஏறினாள். நான் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் பின்னால் வந்து முதுகில் கைவைத்துத் தள்ளினாள். ஏறி முடிக்கும்வரை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிக் கடலைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கடல் எப்போதும்போல அமைதியாக இருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது.

மேலே பலா மரங்களுக்குக் கீழே மையத்து ஊழியர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். யாரோ யாரையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே புல்வெளியில் குடையும், பச்சைப் பலகையும், கழுத்தை உயர்த்தி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரும் தெரிந்தார்கள். முதலில் சிரித்தது படகுக்காரர். பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள், டைப்பிஸ்ட் சிரித்துக்கொண்டே அழுதாள். என்னை இழுத்து வந்தவள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. என் கண்ணாடி வளையல் உடைந்து அவள் உள்ளங்கையில் குத்தியிருந்தது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று பிற்பகல் கூட்டம். டைரக்டர் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். கூடுமிடத்துக்கு ஒரு ஆள்கூட வரவில்லையே, ஏன் என்று பார்வையாளர்கள் அவளைக் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று, என் தப்புதான் என்று மட்டும் சொன்னாள். சைரன் வேண்டாம் என்று முன்பே சொன்னதை அவள் சொல்லவில்லை. டைரக்டரும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்கள். மயங்கிக் கிடந்தவரை யாரும் வந்து மீட்கவில்லை என்று குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

நான் அமைத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஆமாம் என்றாலே போதும், ஒரே சொல். அவள் கதை முடிந்திருக்கும். அவள் தலையைக் குனிந்து, கட்டுப்போட்ட உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மீட்டார்கள் என்று சொன்னேன். இவள் மட்டும் திரும்பி வந்தாள், மேலே ஓடிய பிறகு கீழே இறங்கி வந்தாள் என்று சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். என் குணம், நிறுத்தவில்லை. சைரன் வேண்டாம் என்று இவள் சொன்னாள், என் காதாலேயே கேட்டேன், டைரக்டர்தான் பெட்டியில் வந்ததை ஊதிப் பார்க்க ஆசைப்பட்டார் என்றும் சொன்னேன். பச்சைப் பலகையைக் கடலோரத்தில் நட்டது தப்பு, எடுத்துக் குன்றில் நடுங்கள் என்றேன். படகுக்காரர் எழுந்து, அடுத்த தடவை ஊதினாலும் அங்கேதான் ஓடுவோம் என்று இந்தியில் ஒரு போடு போட்டார்.

என் மனசு திருந்திவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். பலகை குன்றுக்குப் போனது. ஊர் வழக்கம் அறிந்து திட்டத்தை மாற்றிய மையம் என்று மெயின்லேண்டிலிருந்து பாராட்டு வந்தது, அதுவும் அவள் கணக்கில்தான் ஏறியது. நியமன உத்தரவு வந்த அன்று கேண்டீனில் பாயசம் போட்டார்கள். கேண்டீன்காரர் எனக்கு இரண்டாவது தடவை ஊற்ற வந்தபோது டம்ளரைக் கையால் மூடிக்கொண்டேன். அவள் அப்பா சௌல்தாரியிலிருந்து ஒரு வாழைத்தார் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். என் வயிறு எரிந்தது எரிந்ததுதான்.

அதன் பிறகு வருடாவருடம் டிரில் நடக்கிறது. தீக்கு மணி, கடலுக்கு சைரன், இரண்டுக்கும் கூடுமிடம் குன்றுதான். மயங்கி விழுகிற ஆள் நான்தான். இந்த வருடம் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த விரிவுரையாளர் ஒருத்தி கூட்டத்தில் கையைத் தூக்கினாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

"மேடம், முட்டி வலியோட நீங்க எதுக்குங்க தரையில? இந்த வருஷம் நான் படுத்துக்கறேனுங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. அது என் வேலை என்றேன். யார் வேண்டுமானாலும் கிடக்கலாமே என்று டைரக்டர் சமாதானம் பேசினார். கிடக்க முடியாது என்றேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரஞ்சு சட்டைக்காரி மட்டும் நிமிராமல், தன் தாளில் என் பெயரையே எழுதிக்கொண்டாள்.

"அக்காதான் படுப்பாங்க," என்றாள்.

அவள் அன்றைக்கு யாருக்காகத் திரும்பி இறங்கி வந்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்காக இல்லை. கச்சாலில் பாயில் கிடந்தவளுக்காக. அதிலும் எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன். ஆனால் அவள் வந்து சேர்ந்தபோது தரையில் கிடந்தது நான். அந்த இடத்தை நான் இன்னொருத்திக்கு விட்டுத்தர மாட்டேன்.